டேங்கர் டாக்டரும் நிற்காத வண்டியும்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை மயக்க மருத்துவர் வார்டுக்குப் போனபோது டிரைவர் கட்டிலில் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்தபடி, கீழே தெருமுனையில் ஒரு பேருந்து திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடிக்கிறான் பாரு. இன்னும் கொஞ்சம் முன்னாடி போய் ஒடிச்சா பின் சக்கரம் மேல ஏறாது," என்றார், வந்தது யாரென்று பார்க்காமலே.

"அங்க ஒருத்தர் ஓட்டறது போதாதுன்னு இங்கேருந்து இவர் ஓட்டறார்," என்றாள் அவர் மனைவி. "டாக்டரம்மா வந்திருக்காங்க. வண்டியை ஓரம் கட்டுங்க."

டிரைவர் கைகளை இறக்கிக்கொண்டு திரும்பினார். வெயிலில் காய்ந்த முகம். வலது முழங்கை மட்டும் இடதைவிடக் கறுப்பு. அது பல வருடங்களாக ஜன்னலுக்கு வெளியே இருந்த முழங்கை.

மயக்க மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டியை நாளைக்கு ரோபோ மூலம் எடுக்கப் போகிறார்கள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். தன் வேலை என்ன என்பதை மட்டும் சொன்னாள். "உங்களைத் தூங்க வெக்கறது நான். அப்புறம் டிரிப்ல எவ்வளவு தண்ணி போகணும்னு பார்த்துக்கறதும் நான்."

"தூங்க வெக்க நீங்க எதுக்கு? சோத்தைப் போட்டு ஃபேனைப் போட்டா போதும்," என்றாள் மனைவி.

டிரைவர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர். வயித்துல பை வெப்பாங்கன்னு பெரிய டாக்டரம்மா சொன்னாங்க."

"வெப்பாங்கன்னு சொல்லல. வெக்க வேண்டி வரலாம்னு சொன்னாங்க."

கட்டி இருக்கும் துண்டை வெட்டி எடுத்ததும் குடலின் இரண்டு முனைகளையும் இணைப்பார்கள். முனைகள் மெலிசாக, நல்ல இரத்த ஓட்டத்தோடு இருந்தால் இணைப்பு பிடித்துக்கொள்ளும். உப்பி ஊறிப்போயிருந்தால் தாங்குமா என்ற சந்தேகம் வரும். அப்போது இணைப்புக்கு ஓய்வு கொடுக்க, மேல் குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். சில மாதங்களுக்குத்தான். இதையெல்லாம் அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"சில மாசம்னு ஈஸியா சொல்றீங்க. அந்தச் சில மாசம் என்னை டிப்போல உக்கார வெச்சு டயருக்குக் காத்து அடிக்க விடுவாங்க. என் ரூட்டை அந்தச் சின்னப் பயல்கிட்ட கொடுத்துருவாங்க. போனா திரும்பி வராது டாக்டர். அவன் நல்லா ஓட்டறான் வேற."

"ரூட்டாம் ரூட்டு," என்றாள் மனைவி. "இவர் வண்டியை நடுவுல எங்கேயும் நிறுத்த மாட்டார் டாக்டர். அதான் இவருக்குப் பெருமை. பின்னாடி அத்தனை பேரும் ஒண்ணுக்குப் போற அவசரத்துல காலை மாத்தி காலை மாத்திப் போட்டு உக்காந்திருப்பாங்க. கல்யாணம் ஆன புதுசுல நானும் அந்த வண்டியில போனேன். கட்டின பொண்டாட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடியே உக்காந்து கெஞ்சறேன். நிறுத்தலையே!"

"டைம்னா டைம்."

"இவருக்கு வரவே வராது, அதான். ஒட்டகம்."

மயக்க மருத்துவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்துகொள்ளும்போது டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பை வராது என்று வாக்குக் கொடுக்க அவளால் முடியாது. "பை வராம இருக்க என் பக்கத்துல என்ன செய்யணுமோ அதைச் செய்யறேன்," என்றாள். படியிறங்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. குடல் ஊறுவதும் ஊறாததும் பெரும்பாலும் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் அவள் கையில்.

அவளுக்கோ தண்ணீர் விஷயத்தில் கை நீளம். பல வருடங்கள் பிரசவ அறையில் வேலை பார்த்தவள். அங்கே இரத்தம் மடை திறந்தது போலப் போகும். யோசித்துக்கொண்டு நின்றால் தாய் பிழைக்க மாட்டாள். பாட்டிலை இரண்டு கையாலும் பிழிந்து ஏற்றி ஏற்றியே எத்தனையோ பேரைக் கரைசேர்த்த கைகள் அவை. ரோபோ அறைக்கு வந்த பிறகும், சிறுநீர் கொஞ்சம் குறைந்தால் போதும், விரல்கள் தாமாக டிரிப்பின் சின்னச் சக்கரத்தைத் தேடிப் போய்விடும்.

அவளுக்கு 'டேங்கர்' என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. வீட்டில் மாடிப் பகுதியில் இருப்பவள். மருத்துவமனையில் ரோபோவை இயக்கும் அறுவை மருத்துவர், டிரைவர் சொன்ன பெரிய டாக்டரம்மா. வீட்டில் கூப்பிடுவதைப் போலவே தியேட்டரிலும் இவள் நாத்தனாரை 'அண்ணி' என்று கூப்பிட்டுப் பழகி, இப்போது அங்கே இருக்கும் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான்.

"போன தடவை நீ விட்ட தண்ணியில குடல் ஊறின பஞ்சு மாதிரி வந்துச்சு. தைக்கிறதா, பிழிஞ்சு காயப்போடறதான்னே தெரியல," என்று அண்ணி எல்லார் எதிரிலும் சொல்வாள். வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டாள். "நீ போடற காபியும் அப்படித்தான். பால்கனி ரோஜாவும் அப்படித்தான் மூச்சு முட்டிச் செத்துச்சு."

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் 'போன தடவை' ஆள் பையோடுதான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை தியேட்டர் எப்போதும் போலக் குளிர்ந்து, கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு அறை போல நீலமாக இருந்தது. ரோபோ தன் நான்கு கைகளிலும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டு போட்ட நண்டு மாதிரி ஓரத்தில் காத்திருந்தது. டிரைவர் மயங்குவதற்கு முன் கடைசியாகச் சொன்னது, "ரிவர்ஸ் போகும்போது பார்த்து."

பிறகு மேசையைச் சாய்த்தார்கள். தலை கீழே, கால் மேலே. அப்போதுதான் குடல்கள் நெஞ்சுப் பக்கம் சரிந்து, இடுப்புக்குள் வேலை செய்ய இடம் கிடைக்கும். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி ஒரு கூடாரம் போல உப்ப வைத்தார்கள். சின்னத் துளைகள் வழியாக நண்டின் கைகள் உள்ளே போயின. இனி எல்லாம் முடியும்வரை மேசையை ஒரு இம்மி அசைக்கக் கூடாது. அசைத்தால் உள்ளே இருக்கும் கருவிகள் எதையாவது கிழித்துவிடும்.

அண்ணி அறையின் இன்னொரு மூலைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு பெடல்களில் கால் வைத்து, ரோபோவை இயக்கும் பெரிய பெட்டிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் வெறும் குரல்தான். அந்தக் குரல் கூரையிலிருந்த ஸ்பீக்கர் வழியாக அசரீரி போல வரும்.

"டேங்கர், குழாயை மூடிட்டியா?"

"சொட்டுச் சொட்டாத்தான் போகுது அண்ணி."

"சொட்டை எண்ணிக்கிட்டே இரு. தூங்கிடாதே."

மேசைக்குப் பக்கத்தில் நின்ற பெரிய சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தார். மருத்துவமனையில் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்த உருவம். கண்கள் மட்டுமே தெரிந்தாலும் சிரிப்பது தெரியும்.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. டிரைவரின் சிறுநீர்ப் பையிலிருந்து வரும் டியூப், மேசையின் பக்கவாட்டில் தொங்கும் அளவுக் குடுவையில் முடிந்தது. சாய்ப்பதற்கு முன் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. சாய்த்த பிறகு ஒரு சொட்டும் இறங்கவில்லை. வாயு அழுத்தும்போது சிறுநீர் குறைவது சகஜம் என்று அவளுக்குத் தெரியும். குறைந்தால் பரவாயில்லை. இங்கே சுத்தமாக ஒன்றுமே இல்லை.

இரத்த அழுத்தமும் மெல்ல இறங்கியது. விரல்கள் சக்கரத்தைத் தேடிப் போயின. அவள் அவற்றைத் திரும்ப இழுத்து, தனக்குத்தானே வைத்துக்கொண்ட புதுச் சட்டப்படி நடந்தாள். முதலில் ஒரு டம்ளர் அளவு மட்டும் வேகமாக விட்டாள். பிறகு, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்று காட்டும் எண்ணைக் கவனித்தாள். உடம்புக்குத் தாகம் இருந்தால் அந்த எண் எழும்பும். அது அசையவே இல்லை. தலைகீழாகக் கிடப்பதால் கால்களில் இருந்த இரத்தமெல்லாம் ஏற்கெனவே இதயத்துக்கு வந்து நிரம்பியிருக்கிறது. இனி விடும் தண்ணீர் குடலில்தான் போய் ஊறும். இரத்தக் குழாய்களைச் சற்று இறுக்கும் மருந்தைத் துளித்துளியாக ஆரம்பித்தாள். அழுத்தம் ஏறி, அதே இடத்தில் நின்றது.

குடுவை மட்டும் அப்படியே இருந்தது.

"சிஸ்டர், டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கா பாருங்களேன்."

பெரிய சிஸ்டர் ரோபோவின் கைகளுக்கு அடியில் குனிந்து, நீலத் துணிகளுக்குள் புகுந்து, கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கொடுத்தார். "டியூப் எங்கேயும் மாட்டலை. நான்தான் மாட்டிக்கிட்டேன். யாராவது என் காலைப் பிடிச்சு இழுங்க."

இழுத்தார்கள்.

அண்ணி இப்போது மேல்வயிற்று வேலையை முடித்துக்கொண்டு இடுப்புக்குள் இறங்கியிருந்தாள். சிறிது நேரத்தில் புலம்பல் ஆரம்பித்தது. "இன்னைக்கு இடமே இல்லையே. மேலேருந்து என்னமோ இடிச்சுக்கிட்டே இருக்கு. மூணாவது கையால தள்ளித் தள்ளி வெச்சாலும் திரும்பி வருது. உண்மையைச் சொல்லு டேங்கர், தண்ணி விட்டியா?"

"சத்தியமா இல்ல அண்ணி."

"அப்போ ஏன் இந்த நெரிசல்? அவர் வண்டி மாதிரியே இருக்கு. சரி, சிறுநீர் எவ்வளவு வந்திருக்கு?"

அவள் குனிந்து குடுவையை இன்னொரு முறை பார்த்தாள்.

"உன்னைத்தான்."

"வரலை."

"வரலைன்னா?"

"சாய்ச்சதுலேருந்து ஒரு சொட்டுகூட வரலை அண்ணி."

சுவரிலிருந்த பெரிய திரையில் ரோபோவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்கள் குடலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. குடலை வெட்டப் போய் அதை வெட்டிவிட்டோமோ என்பது, குடல் ஆபரேஷன் செய்பவர்கள் எல்லாருக்கும் வரும் கெட்ட கனவு. திரையில் கேமரா வந்த வழியே திரும்பிப் போய், இடது பக்கக் குழாயைக் கண்டுபிடித்தது. கருவியின் நுனி அதை மெல்லத் தொட்டது. அது மண்புழு போல நெளிந்தது. வலது பக்கத்துக் குழாயும் நெளிந்தது.

"ரெண்டும் நல்லா இருக்கு," என்றது ஸ்பீக்கர், பெருமூச்சோடு. "அப்போ கிட்னிதான் காஞ்சு கிடக்கு. தண்ணி விடு."

அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை. "என்ன அண்ணி?"

"தண்ணி விடுன்னேன். ஒரு பாட்டில் முழுசா, வேகமா. குடலைக் காப்பாத்திக் கிட்னியைக் கெடுத்துட்டு அந்தம்மாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

எத்தனை நாள் அவள் இந்த உத்தரவுக்காக ஏங்கியிருக்கிறாள்! விரல்கள் இந்தத் தடவை தயங்கவில்லை. சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு திருகு திருகினால் போதும். நாளைக்கு என்ன ஆனாலும் சொன்னது அண்ணி. அவள் மேல் பழி வராது. மனதுக்கும் நிம்மதி.

ஆனால் கண் மானிட்டருக்குப் போனது. இதயம் தள்ளும் எண் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு சின்ன அளவு விட்டுப் பார்த்தாள், அசையவில்லை. மணிக்கட்டிலிருந்து சற்று முன் எடுத்துப் பார்த்த இரத்தத்திலும் எந்தக் கோளாறும் இல்லை. ஜன்னலோரம் நீட்டிய இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன.

அவள் விரலை எடுத்துவிட்டாள். "விட மாட்டேன் அண்ணி."

பெரிய சிஸ்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏய், நான் கேக்கறேன்."

"கேக்கறது நீங்க. குடிக்கப் போறது அவர். அவருக்குத் தாகமே இல்ல."

"தாகம் இல்லைன்னா சிறுநீர் எங்கே போச்சு? ஆவியாப் போச்சா?"

அண்ணி கோபத்தில் கேட்ட கேள்வியை அவள் அப்படியே கையில் வாங்கிக்கொண்டாள். எங்கே போச்சு?

"அண்ணி, அந்தக் குழாய் நெளிஞ்சுதே. சும்மா நெளியுமா?"

"உள்ளே சிறுநீரைத் தள்ளும்போது அப்படித்தான் நெளியும். இதெல்லாம் நீ படிக்கலையா?"

"அப்போ கிட்னி வேலை செய்யுது. குழாய் தள்ளுது. தள்ளினது எங்கேயோ இருக்கணுமே."

சொல்லிக்கொண்டே அவள் தலையைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். கடைசியில் டிரைவரைப் போலவே முக்கால்வாசி தலைகீழாக நின்று உலகத்தைப் பார்த்தாள். விளக்குகள் தரையில் பூத்திருந்தன, தரை கூரையாகிவிட்டிருந்தது. டிரைவரின் வயிற்றுக்குள்ளும் இப்படித்தானே? சிறுநீர்ப் பையின் வாய் இப்போது மேலே. டியூப் அங்கே, வறண்ட இடத்தில், சும்மா நிற்கிறது. பையின் உச்சிதான் இப்போது தரை. வருவதெல்லாம் அங்கே போய்க் குளமாகத் தேங்கும்.

"என்னாச்சு டாக்டர், கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"அண்ணி, கேமராவைக் கொஞ்சம் பின்னாடி இழுங்க. சிறுநீர்ப் பையைக் காட்டுங்க."

"நான் இங்கே ஒரு விரல் அகலத்துல உயிரைக் கொடுத்து வேலை செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"இழுங்க அண்ணி. ப்ளீஸ்."

திரையில் அந்த ஒரு விரல் அகல உலகம் மெல்லப் பின்வாங்கியது. அவ்வளவு நேரம் பெரிதாகத் தெரிந்த கருவிகள் சின்னதாயின. படத்தின் மேல் விளிம்பில், ரோபோவின் மூன்றாவது கைக்குப் பின்னால், பௌர்ணமி நிலவு போல ஒன்று உருண்டு திரண்டு பளபளவென்று எட்டிப் பார்த்தது.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அட கடவுளே! இவ்வளவு நேரமும் இதைத்தானா நான் தள்ளிக்கிட்டே இருந்தேன்?"

"கிட்டக்க உக்காந்து பார்த்தா அப்படித்தான் அண்ணி."

"வாயை மூடு. சிஸ்டர், குடுவையைப் பாருங்க. மெதுவா அமுக்கறேன்."

ரோபோவின் கை, கன்னத்தைத் தொடுவது போல, அந்த நிலவை அமுக்கியது. டியூபில் மஞ்சள் ஒளி ஓடி வந்தது. அறை முழுக்கக் கேட்கிற மாதிரி குடுவையில் ஊற்றத் தொடங்கியது.

"வருது! வருது!" என்று பெரிய சிஸ்டர், ஸ்டாப்பில் காத்திருந்து காத்திருந்து பஸ்ஸைக் கண்டவர் போலக் கத்தினார்.

முந்தின நாள் டிரைவரின் மனைவி சொன்ன கதையை அவள் அப்போதுதான் எல்லாருக்கும் சொன்னாள். பெட்டிக்குள் தலையைக் கொடுத்திருந்த அண்ணி சிரித்த சிரிப்பில், கருவிகளை விட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் இடுப்புக்குள் கல்யாண மண்டபம் மாதிரி இடம் கிடைத்தது. கட்டி இருந்த துண்டு வெளியே வந்தது. மிச்சமிருந்த இரண்டு முனைகளும் மெலிசாக, இளஞ்சிவப்பாக, புது ரிப்பன் போல இருந்தன. அண்ணி கேமராவை அவற்றின் மேல் தேவைக்கு அதிகமாகவே நிறுத்தி வைத்திருந்தாள். இணைத்து முடித்ததும், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல, இணைப்பைச் சுற்றி நீரை நிரப்பிக் கீழேயிருந்து காற்று ஊதினார்கள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். குமிழி வந்தால் பை.

நீர் கண்ணாடி போலக் கிடந்தது.

இன்னொரு தடவை ஊதினார்கள்.

"பை வேண்டாம்," என்றது ஸ்பீக்கர்.

"என்ன அண்ணி?"

"பை வேண்டாம்னேன். காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கலாம்னுதான்."

அண்ணி பெட்டியிலிருந்து தலையை எடுத்தாள். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது. ஒரு காலால் செருப்பைத் தேடிக்கொண்டே, "சாயங்காலம் நீதான் காபி போடற," என்றாள். "நான் குறை சொல்ல மாட்டேன். இன்னைக்கு மட்டும்."

டிரைவர் கண் விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை. வலது கையை மெல்ல நகர்த்தி, போர்வைக்கு மேலேயே வயிற்றைத் தடவினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். சின்னச் சின்னப் பிளாஸ்திரிகளைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. நம்பாமல் அவளைப் பார்த்தார்.

"இல்லை," என்றாள் அவள்.

அவர் மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

இரண்டு நாள் கழித்து அவள் வார்டுக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. டிரைவர் வராந்தாவில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் டிரிப் இல்லை. தானே குடிக்கத் தொடங்கிவிட்டார்.

குடல் விழித்துக்கொண்டதா என்று தெரிய ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அவள் கேட்டாள். "காத்து பிரிஞ்சுதா?"

டிரைவர் கூச்சத்தோடு சுவரைப் பார்த்தார்.

"விடியக்காலையிலேயே ஹாரன் அடிச்சுட்டார் டாக்டர்," என்றாள் மனைவி. "பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உக்காந்துட்டார்."

"ஏய், சும்மா இருக்க மாட்டே?"

"சிஸ்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அங்கேயும் உள்ளேயே தேக்கி வெச்சுக்கிட்டு டாக்டருங்களைப் பயமுறுத்தியிருக்கார். இவரை நிறுத்த வெக்க ஒரு ரோபோ வேண்டியிருக்கு பாருங்க. எனக்கு அப்பவே ஒண்ணு கிடைச்சிருந்தா?"

"எப்போ டாக்டர் வண்டியைத் தொடலாம்?" என்றார் டிரைவர், பேச்சை மாற்ற.

"கொஞ்ச நாள் ஆகும். ஆனா டயருக்குக் காத்து அடிக்கப் போக வேண்டாம்."

அவர் முகம் மலர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே ஏதோ ஒரு பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்தபடி நாலு எட்டு வைத்தவர், கழிவறைக் கதவுக்கு எதிரில் வந்ததும் தயங்கி நின்றார்.

"இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கலாமா?" என்றார்.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "டைம்னா டைம்," என்றாள். பிறகு கதவைத் திறந்து விட்டாள்.